கட்டுப் பிரிக்காத ஏழாம் புத்தகம்

ரெமேதியோஸ்,
அக்டோபர் 1994

அன்புள்ள மகன் ஒஸ்மெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். நேர்த் தபால் இல்லாததால் இந்தக் கடிதம் மெக்சிகோவைச் சுற்றிக்கொண்டு மயாமியில் சியோமாரா சித்தி வீட்டுக்குப் போகும். நீ அங்கே போய்ச் சேரும்போது உனக்காக அலமாரியில் காத்திருக்கட்டும். நீ இன்னும் வரவில்லை என்று போன வாரம் அவள் போனில் சொன்னாள். "வந்துருவான் நெரெய்தா, நெறைய பேரு லேட்டாத்தான் வர்றாங்க" என்றாள், ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. பக்கத்து வீட்டு போன், சுற்றி எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், சரி என்று வைத்துவிட்டேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். சமையலறைக் கதவைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறாய். கடல் தாண்ட மிதவைக்குப் பலகை வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உன்னை விட்டிருக்க மாட்டேன், அது உனக்கும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. ஆகஸ்டில் அந்த மத்தியானம் நான் சுருட்டு ஆலையில் மேடைமேல் உட்கார்ந்து எல்லோருக்கும் சத்தமாகக் கதை வாசித்துக்கொண்டிருந்தேன். நீ இங்கே கீலைக் கழற்றிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் கதவும் இல்லை, நீயும் இல்லை. ஹசிந்தாவின் மகன் அல்சிதெஸையும் காணோம் என்று தெரு முழுக்கப் பேச்சு. கதவு இருந்த இடத்தில் இப்போது படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். காற்றடித்தால் அது உப்பிக்கொண்டு நிற்கிறது, எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நம் ஆலைப் பெரியவர் தியோடுலோ தன் வீட்டில் ஒரு பழைய கதவு சும்மா கிடப்பதாகவும் கொண்டுவந்து மாட்டித் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். கழற்றியவன் வந்து மாட்டட்டும்.

ஆலையில் எல்லாம் பழைய வழக்கம்தான். கைகள் சுருட்டு சுற்ற, காதுகளுக்கு நான் வாசிக்கிறேன், காலையில் செய்தித்தாள், மத்தியானம் நாவல். செய்தித்தாள் மெலிந்துபோய்விட்டதால் நாவலுக்கு நேரம் நிறைய இருக்கிறது, நாவல்தான் இல்லை. மின்சாரம் இல்லாத நாளில் மைக் கிடையாது, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வாசிக்கிறேன். கடைசி வரிசையிலிருந்து ஹசிந்தா சுருட்டு சுற்றிக்கொண்டே, "அடியே, கொலையக்கூட ரகசியமா பண்றியேடி, கொஞ்சம் சத்தமா கொல்லு!" என்று கத்துகிறாள். மகனைக் காணாதவள் என்று அவளைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். இலை வெட்டும் அவள் கத்தியின் வேகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒன்று நடந்தது. இலை தரம் பிரிக்கும் அறையிலிருந்து மைதே என்று ஒரு பெண் புதிதாகச் சுருட்டு சுற்ற வந்திருக்கிறாள். நம் வீட்டு விவரம் தெரியாதவள். நான் மேடை ஏறியதுமே, "செனோன் கதையில அடுத்த புத்தகம் எப்பங்க வரும்? செத்துக் கெடந்தது யாருன்னு தெரியாம எனக்கு நாலு வருஷமா தூக்கமே இல்ல" என்று கேட்டுவிட்டாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆறாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நான் வாசித்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஆலைக்கு வெளியே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாய். கலங்கரை விளக்கத்துக் காவலர் செனோன் விடியற்காலையில் பாறைக்கு இறங்குகிறார். அங்கே குப்புறக் கிடக்கும் உடலைத் திருப்பிப் பார்க்கிறார். "இவனை எனக்குத் தெரியும்" என்கிறார். அத்தோடு புத்தகம் முடிந்துபோனது. கூடமே கத்திகளைத் தரையில் எறிந்தது. கதை பிடிக்காவிட்டால் எறிவதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்குப் பிடித்துப்போய் எறிந்தார்கள். அதற்கப்புறம் ஒரே சண்டை. செத்தவன் கப்பல் குமாஸ்தா வில்லால்பாதான் என்று பாதிப் பேர். விளக்குக்கு எண்ணெய் கொண்டுவருவானே, நடுவில் காணாமல் போன பையன் லாலோ, அவன்தான் என்று மீதிப் பேர். நீ வில்லால்பா என்றாய். "இவ்ளோ மரியாதையா பேசறவன் நல்ல சாவு சாக மாட்டான் கிழவி" என்றாய். தியோடுலோ லாலோ என்றார். அவர் புகைப்பதற்காக ஆலையில் கொடுக்கும் சுருட்டில் ஒரு வாரத்துப் பங்கை அவர் பந்தயம் வைத்தார், நீ உன் சைக்கிள் பம்பை வைத்தாய். அவர் அந்தச் சுருட்டுகளை இன்னும் டப்பாவில் வைத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பஞ்சத்தில் அதைக் கொடுத்தால் ஒரு கோழியே கிடைக்கும். கேட்டால், "பந்தயம் முடியல" என்கிறார்.

மைதே கேட்டதும் ஒரு கத்தி தரையில் விழுந்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் நிறைய. அவள் கேட்டது பிடிக்காமல் எறிந்தார்கள். அந்தப் பெண் எதற்கென்று தெரியாமல் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். நான்தான், "விடுங்கப்பா, எனக்கும் தெரிஞ்சுக்கணும்னுதான் இருக்கு" என்று சொல்லி அமர்த்தினேன்.

முன்பெல்லாம் ரேஷன் வரிசையில்கூட என்னைப் பிடித்து, "ஏழாவது எப்ப?" என்று பிய்த்தெடுப்பார்கள். நீ போனதிலிருந்து ஒருத்தரும் கேட்பதில்லை. கடலோரத்தில் கிடந்த ஓர் உடலைப் பற்றி என் முன்னால் யாரும் பேசுவதில்லை. அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அதனால் நானே ஹவானாவுக்கு, கதாசிரியர் பௌலினோ அராந்தாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். புத்தகம் வேறு, வாழ்க்கை வேறு என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருடம் வாசித்துப் பிழைத்தவள் நான். ஆனாலும் அந்த மனுஷன் உடலைத் திருப்பும்போது அது வில்லால்பாவாக இருக்க வேண்டும், காணாமல் போன அந்தப் பையனாக இருக்கக் கூடாது என்று படுத்தால் எழுந்தால் வேண்டிக்கொள்கிறேன். புத்தி கெட்ட வேண்டுதல்தான்.

சாப்பிட்டாயா என்று கேட்கத் தோன்றுகிறது. கிடைத்ததைச் சாப்பிடு.

உன் கிழவி,
நெரெய்தா


ரெமேதியோஸ்,
டிசம்பர் 1994

அன்புள்ள ஒஸ்மெல்,

என் முதல் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது என்று சியோமாரா சொன்னாள். பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாளாம். நல்லது. இதையும் அதன்மேல் வைக்கட்டும்.

இங்கே மழை நின்றுவிட்டது. காபியில் பாதிக்கு மேல் வறுத்த பட்டாணி. ஹசிந்தா குளியல் தொட்டியில் ஒரு பன்றி வளர்க்கிறாள், அதற்கு அவள் வைத்த பெயர் என்ன தெரியுமா? வில்லால்பா. "எவ்ளோ மரியாதையா திங்கிறான் பாரு, கண்டிப்பா இவன் நல்ல சாவு சாக மாட்டான்" என்று உன் வசனத்தையே சொல்லிக் காட்டினாள். வருடக் கடைசி ராத்திரிக்கு அவனுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

சாயங்காலமானால் நான் அவள் வீட்டுக்குப் போகிறேன். இரண்டு பேரும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்காருகிறோம். மயாமிக்குப் போகும் வழியில் கடலில் பிடிபட்டு குவாந்தானமோ முகாமில் இருப்பவர்களின் பெயர்களை மயாமி நிலையம் படிக்கிறது. படிப்பவனுக்கு மூச்சு எங்கே விடுவது என்றே தெரியவில்லை. பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியாகப் பிய்த்துப் படிக்கிறான். நான் அந்த இடத்தில் இருந்தால் இப்படியா படிப்பேன்? ஒரு நாள் "ஒஸ்மெல்" என்றான். ஹசிந்தா என் கையை அப்படிப் பிடித்தாள், எலும்பு நொறுங்குகிற மாதிரி. அவன் மூச்சு வாங்கிவிட்டு வேறு ஏதோ குடும்பப் பெயரைச் சொன்னான். கையை விட்டதும் ஹசிந்தா, "ஊரு பூரா ஒரே பேர வச்சுத் தொலச்சா எப்பிடிடி?" என்றாள். இருவரும் சிரித்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டேன்.

அராந்தாவிடமிருந்து பதில் வந்துவிட்டது! ஏழாம் புத்தகத்தை எழுதி முடித்து இரண்டு வருடம் ஆகிறதாம். நாட்டில் அச்சடிக்கக் காகிதம் இல்லை என்று பதிப்பகத்தில் கிடப்பில் போட்டிருக்கிறார்கள். தட்டச்சு செய்ததில் கார்பன் பிரதி ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், தபாலில் அனுப்பப் பயமாக இருப்பதால் யாராவது நேரில் வந்தால் தருவதாகவும் எழுதியிருக்கிறார். அதை மைக்கில் வாசித்தேன். கூடம் முழுக்கக் கத்தியால் பலகையைத் தட்டினார்கள் பார், மழை கொட்டுகிற மாதிரி சத்தம். ஆனால் தட்டி முடித்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

வாசிப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் தியோடுலோ, "யாராச்சும் சின்ன வயசுக்காரங்கள அனுப்பலாம்" என்று இழுத்தார். நானே போகிறேன் என்றேன். "வழி பூரா வண்டி கெடைக்காது மகளே" என்றார். ஹசிந்தாதான் எனக்காகப் பேசினாள்: "அவ போகட்டும் பெருசு. டீசல் இல்லாட்டியும் டிரைவருக்கு ஒரு கதைய வாசிச்சுக் காட்டியே வண்டிய நகத்திருவா."

ஜனவரி முடிவில் கிளம்புகிறேன். அதற்குள் உன்னிடமிருந்து ஒரு வரி வந்தால் ஹவானாவுக்குப் பாடிக்கொண்டே போவேன்.

புது வருடம் உனக்கு நல்ல நிலத்தில் பிறக்கட்டும்.

உன் அம்மா,
நெரெய்தா


ரெமேதியோஸ்,
பிப்ரவரி 1995

அன்புள்ள ஒஸ்மெல்,

ஒரு நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். அல்சிதெஸ் உயிரோடு இருக்கிறான். குவாந்தானமோ முகாமில் கூடாரத்தில் இருக்கிறானாம். அவன் கைப்பட எழுதியது வந்திருக்கிறது. ஹசிந்தா என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், அந்தக் கடிதத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அவள் கவிழ்த்து வைத்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அவள் மகன் கிடைத்துவிட்டான், என் மகனைப் பற்றி அதில் நல்லதாக ஒன்றும் இல்லை என்று. கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். மனதார வாழ்த்தினேன் ஒஸ்மெல், அதில் கலப்படம் இல்லை. அப்புறம்தான் சொன்னாள். இரண்டு மிதவையையும் ஒரே கயிற்றால் கட்டியிருந்தீர்களாம். ஒரு ராத்திரி பெரிய அலையாம். விடிந்து பார்த்தபோது கயிறு இவன் பக்கத்தில் கிடந்தது, மறுமுனையில் எதுவும் இல்லை. நீ கதவின்மேல் இருந்தாயாம். "கதவு நல்லா மிதந்துச்சுன்னு எழுதியிருக்கான்டி, நம்ம டயர் மிதவைய விட நல்லா மிதந்துச்சாம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அது நல்ல மரம்தான். அதற்காக அன்றைக்குத் திட்டியதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சிலர் பனாமாவுக்கும் கொண்டுபோகப்பட்டார்களாம். சிலர் பஹாமாஸ் தீவுகளில் கரை ஏறி மீனவர்களோடு இருக்கிறார்களாம். நீ எங்கேயாவது ஒரு தீவில் யார் வீட்டுக்கோ கதவு செய்து கொடுத்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஹசிந்தா இப்போது கூடத்தில் வாயே திறப்பதில்லை. என் முன்னால் சந்தோஷப்படுவதற்குப் பயப்படுகிறாள். நேற்று அவளிடம் போய், "பையன் கெடச்சதுக்கு எதுக்குடி துக்கம் கொண்டாடற? நீ சும்மா இருந்தா எனக்குத்தான் பயமா இருக்கு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு இலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஹவானா பயணத்தைச் சொல்கிறேன். சாலையோரத்தில் ஆட்களை வண்டியேற்றிவிடும் அரசாங்கத்து மஞ்சள் உடுப்புக்காரர் எனக்கு முட்டைக்கோஸ் லாரி ஒன்றை நிறுத்திக் கொடுத்தார். அது சான்டா கிளாரா ஊரோடு சரி. பிறகு ஒரு ரயில், நின்று நின்று போனது. அராந்தா மேல்மாடியில் இருக்கிறார், லிப்ட் ஓடவில்லை, படியேறி அவர் கதவைத் தட்டும்போது என்னால் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. அவர் ஒல்லியான மனிதர், சட்டைக் கழுத்து பிய்ந்திருந்தது. எனக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்துவிட்டு, கொடுக்க வேறு எதுவும் இல்லை என்று வெட்கப்பட்டார். "என் புத்தகத்தத் தேடி இவ்ளோ தூரம் யாரும் வந்ததில்ல தோழர். பதிப்பகத்துக்காரங்க மாடி ஏறவே மாட்டாங்க" என்றார். நம் கூடத்தில் யார் யார் எந்தப் பக்கம் பந்தயம் கட்டினார்கள் என்றெல்லாம் கேட்டு, சின்னப் பையன் மாதிரி சிரித்தார்.

பழைய அலுவலகத் தாள்களின் பின்பக்கத்தில் தட்டச்சு செய்த பிரதி. சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். பிறகு, "யாருன்னு இப்பவே சொல்லவா?" என்றார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். "உங்களுக்கு யாருன்னு தோணுது தோழர்?" என்றார். "வில்லால்பா" என்றேன். "ஏன்?" என்றார். என் மகன் அப்படித்தான் சொன்னான் என்றேன். உன்னைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கட்டைத் திரும்ப என் கையிலிருந்து வாங்கி, கட்டின முடிச்சின்மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டுத் தந்தார். "பத்திரமா போயிட்டு வாங்க, திருப்பித் தர அவசரமில்ல" என்றார்.

வரும் வழியெல்லாம் அந்த இரண்டாவது முடிச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். கயிறு நழுவாமல் இருக்கப் போட்டிருக்கலாம். நான் பிரித்துவிடக் கூடாதென்று எதற்குப் போட வேண்டும்?

என் வழக்கம் உனக்குத் தெரியும். மறுநாள் வாசிக்க வேண்டியதை முந்தின நாளே சமையலறை மேசையில் வைத்து ஒரு தடவை வாசித்துவிடுவேன். நீ சின்ன வயதிலிருந்து அப்படித்தான் எல்லோருக்கும் முன்னால் கொலைகாரனைத் தெரிந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தாய். முன்னால் வாசித்துப் பார்க்காமல் மேடை ஏறுவது எங்கள் தொழிலில் அவமானம். கட்டு இப்போது மேசைமேல்தான் இருக்கிறது. நாளைக்குப் பிரிக்கலாம் என்று தினமும் நினைக்கிறேன். ஆலையில், இன்னும் தயாராகவில்லை, அராந்தாவின் தட்டச்சு மங்கலாக இருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணே. வெயிலில் நிற்காதே.

அம்மா,
நெரெய்தா


ரெமேதியோஸ்,
மார்ச் 1995

என் ஒஸ்மெலுக்கு,

போன திங்கட்கிழமை கட்டைப் பிரிக்காமலே மேடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. நான்கு வருடம் காத்திருந்த ஜனம். எனக்காக எத்தனை நாள் அவர்களை இழுத்தடிப்பது? எல்லோரோடும் சேர்ந்து நானும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்கிறேன், எதுவானாலும் அந்தக் கூடத்தின் நடுவில் வைத்துத் தெரிந்துகொள்கிறேன் என்று முடிவு செய்தேன். அன்றைக்குப் பார்த்து மின்சாரம் இருந்தது. மைக்கில், "பௌலினோ அராந்தா எழுதிய ஏழாம் புத்தகம்" என்று அறிவித்தேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. அப்புறம் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தேன், நகத்தால் நெம்பினேன். முதல் வரிசையில் இருப்பவர்களுக்கு அப்போதே விளங்கியிருக்கும். முந்தின நாள் வாசித்தவள் என்றால் முடிச்சு எப்படி அப்படியே இருக்கும்?

தியோடுலோ எழுந்தார். "இரு மகளே. வாசிக்கிறதுக்கு முன்னாடி கையத் தூக்கணும், அதான் நம்ம வழக்கம். எந்தப் புத்தகமா இருந்தாலும்" என்றார். சரிதான், வழக்கம் அதுதான், ஆனால் இந்தப் புத்தகத்துக்குக் கை எண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அவர் கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "ஏழாம் புத்தகம். யாருக்கெல்லாம் வேணும்?" என்றார்.

ஒரு கைகூட எழவில்லை ஒஸ்மெல்.

சுற்றுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். தூக்கமே வரவில்லை என்று சொன்ன மைதே தன் இரண்டு கையையும் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கில், "என்னப்பா இது, வெளையாடறீங்களா? இதுக்காக நான் முட்டக்கோஸ் லாரியில போயிட்டு வந்திருக்கேன்" என்றேன்.

தியோடுலோதான் பேசினார். "பந்தயம் ரெண்டு பேரு வச்சது. ஒருத்தன் இங்க இல்ல. அவன் இல்லாதப்ப முடிவ வாசிச்சா அது போங்கு. அவன் வரட்டும், இல்ல தகவலாச்சும் வரட்டும். நாலு வருஷம் இருந்துட்டோம், இன்னும் கொஞ்ச நாள் இருந்தா செத்தா போயிருவோம்?" என்றார். பிறகு மேடைக்குக் கிட்டே வந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நான் பந்தயத்துல தோத்தா ஒரு வாரம் சாப்பிடாம கெடப்பேன், உனக்கே தெரியும். இதுல மட்டும் தோக்கணும்னு இருக்கு மகளே."

நான் அழுதுவிட்டேன். மைக் ஓடிக்கொண்டிருந்தது. வருடத்தில் பாதி நாள் வேலை செய்யாத மைக், அன்றைக்கு நான் மூக்கு உறிஞ்சுவதைக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கத்தியால் பலகையைத் தட்ட ஆரம்பித்தார்கள். கடைசி வரிசையிலிருந்துதான் முதலில் கேட்டது.

அப்புறம் வேறு எதையாவது வாசிக்க வேண்டுமே. எங்கள் அலமாரியில் இரண்டு முறை வாசிக்காத புத்தகம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி: தேனீ வளர்ப்புக் கையேடு. அதைக் காட்டியதும் கூடம் முழுக்கக் கை எழுந்தது. முதல் கை ஹசிந்தாவுடையது. இப்போது தினமும் மத்தியானம் தேனீ வாசிக்கிறேன். பெட்டியை எந்தத் திசையில் வைப்பது, புகை எப்படிப் போடுவது என்று. ராணித் தேனீ செத்துப்போனால் கூட்டில் என்ன ஆகும் என்ற அத்தியாயத்தை ஆரம்பித்தேன், உடனே ஹசிந்தா, "நிறுத்துடி! ராணியக் கொன்னது யாரு? இப்பவே சொல்லிப்புடாத, நான் பந்தயம் கட்டணும்!" என்று கத்தினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் குரல். "வேலைக்காரத் தேனீதான், அதுதான் ரொம்ப மரியாதையா இருக்கு" என்று யாரோ பதில் கொடுத்தார்கள். நீ இருந்திருந்தால் சன்னல் கம்பிக்கு வெளியே நின்று அதையும் மறுத்துப் பேசியிருப்பாய்.

ஏழாம் புத்தகம் மேடைமேல் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டு முடிச்சோடு. துடைக்க வருகிறவள்கூட அதைச் சுற்றித்தான் துடைக்கிறாள். தியோடுலோ சுருட்டு டப்பாவில் ஈரத்துணி மாற்றுகிறார், காய்ந்துவிட்டால் உனக்குக் கொடுக்க நன்றாக இருக்காதாம். அவருக்கு இருமல் அதிகமாகியிருக்கிறது. அவரும் முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்தான், அதையும் யோசித்துக்கொள்.

நான் உன்மேல் கோபப்படவில்லை என்று எழுதினால் அது பொய். கோபம்தான். சொல்லாமல் போனதற்குக் கோபம், கயிறு அவிழ்ந்ததற்கும் உன்மேல்தான் கோபம். அந்தக் கோபத்தை நேரில் காட்ட வேண்டும், கடிதத்தில் முடியாது. நீ எந்தக் கரையில் எந்த ஊர்க்காரர்களோடு இருந்தாலும் சரி, பெரிய கடிதம் எழுத வேண்டாம். நீ எழுதுவதில் சோம்பேறி, எனக்குத் தெரியும். ஒரே ஒரு வரி போதும். "வில்லால்பாதான் கிழவி" என்று எழுதி அனுப்பு. நீ புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, உனக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் நான் கேட்க மாட்டேன். அந்த வரியை மைக்கில் வாசிப்பேன், மின்சாரம் இல்லாவிட்டால் கத்தி வாசிப்பேன். அதற்கப்புறம் தியோடுலோ வந்து முடிச்சை அவிழ்க்கட்டும், உள்ளே அராந்தா எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கட்டும்.

தேனீப் புத்தகம் பெரியதில்லை கண்ணே. மெதுவாகத்தான் வாசிக்கிறேன். முடிந்துவிட்டால் திரும்ப முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கை தூக்குவார்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

கடலில் தத்தளித்த மூன்று பேரைத் தேடிவந்து கரை சேர்த்தவள் எல் கோப்ரே மாதா. அவள் உன் கதவைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.

காத்திருக்கிற அம்மா,
நெரெய்தா